அரைமண்டியில் எந்தத் தசை என்ன வேலை செய்கிறது? பிசியோ சீட்டைப் புரியும்படி யாராவது சொல்லுங்கள்

சலங்கைக்கொத்து, கும்பகோணம்

வணக்கம். வீட்டு மாடியில் பரதநாட்டியம் சொல்லிக்கொடுக்கிறேன். அரைமண்டி என்பது பாதங்களை வெளிப்பக்கம் திருப்பி, முட்டியை மடக்கிப் பாதி தாழ்ந்து நிற்கும் எங்கள் அடிப்படை நிலை. முழுவதும் குந்தி இறங்கினால் முழுமண்டி. என்னிடம் கற்கும் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்திக்குச் சில வாரங்களாக முட்டி வலி. உள்பக்கமும், சில்லுக்குக் கீழேயும் வலிக்கிறது என்கிறாள். பாதத்தைத் தரையில் தட்டும் தட்டடவை முதல் காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில், ஆடினால் ஒன்றும் தெரிவதில்லை. வேகமான மூன்றாம் காலம் போனால் முகம் மாறுகிறது. முழுமண்டியில் ஆடும் மண்டி அடவு என்றால் பாதியில் எழுந்துவிடுகிறாள். சோம்பேறிப் பெண் இல்லை. வகுப்புக்கு முதலில் வருகிறவள்.

டாக்டர் பார்த்துவிட்டு எலும்பில் பிரச்சினை இல்லை என்று பிசியோதெரபிக்கு அனுப்பியிருக்கிறார். அங்கே ஒரு சீட்டு கொடுத்திருக்கிறார்கள். அதில் இருப்பது இது: ஹிப் எக்ஸ்டர்னல் ரொட்டேஷன் குறைவு. குவாட்ரிசெப்ஸ் வீக். ஹாம்ஸ்ட்ரிங், அடக்டர் டைட். க்ளூட்டியஸ் மீடியஸ் ஸ்ட்ரெங்தனிங். இப்போதைக்கு ஐசோமெட்ரிக் மட்டும், டீப் ஃப்ளெக்‌ஷன் வேண்டாம்.

அவள் அம்மா சீட்டை என் கையில் கொடுத்து, "டீச்சர், இதுல நீங்க எதை நிறுத்தணும், எதைச் செய்யலாம்?" என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. நான் படித்தது வணிகவியல். பள்ளி உயிரியலில் படித்த இருதலைத் தசை, முத்தலைத் தசை தவிர ஒன்றும் நினைவில்லை. இந்தச் சொற்களுக்கெல்லாம் என்ன பொருள்? வலி முட்டியில் இருக்க, சீட்டு ஏன் இடுப்பில் தொடங்குகிறது? மற்ற பிள்ளைகளுக்கும் இப்படி வராமல் இருக்க நான் எதைப் பார்க்க வேண்டும்? தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுமையாகச் சொல்லுங்கள்.

---

மூன்றாமாண்டு பிசியோ

மேடம், பிசியோதெரபி மாணவன். அடிப்படையை மட்டும் சொல்கிறேன், மீதியைப் பெரியவர்கள் சொல்லட்டும்.

எல்லா அசைவையும் ஒரே நிலையிலிருந்துதான் கணக்கிடுவார்கள். நேராக நின்று, முகம் முன்னால் பார்க்க, கைகள் பக்கவாட்டில் தொங்க, உள்ளங்கை முன்னால் திரும்பியிருக்க வேண்டும். அதிலிருந்து மூட்டு மடங்கினால் ஃப்ளெக்‌ஷன், நிமிர்ந்தால் எக்ஸ்டென்ஷன். உடலின் நடுக்கோட்டை விட்டுக் கையோ காலோ பக்கவாட்டில் விலகினால் அப்டக்‌ஷன், திரும்ப நடுக்கோட்டை நோக்கி வந்தால் அடக்‌ஷன். இந்த இரண்டும் காதில் ஒன்றுபோலவே விழும். அதனால் வார்டில் நாங்கள் எழுத்தைப் பிரித்து ஏ-பி-டக்‌ஷன், ஏ-டி-டக்‌ஷன் என்போம். தன் அச்சிலேயே வெளிப்பக்கம் திரும்பினால் எக்ஸ்டர்னல் ரொட்டேஷன், உள்பக்கம் திரும்பினால் இன்டர்னல். அடக்டர் என்று சீட்டில் இருப்பது தொடையின் உள்பக்கத் தசைக் கூட்டம். கால்களைச் சேர்ப்பது அதன் வேலை.

---

பிசியோ, மதுரை

டீச்சர், வணக்கம். மதுரையில் பிசியோதெரபி பார்க்கிறேன். பள்ளி முடியும்வரை நாட்டியமும் கற்றேன். தம்பி சொன்ன அடிப்படை சரி. நான் அடவு வழியாகவே சொல்கிறேன். அதை உங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

முதல் நாட்டடவை எடுத்துக்கொள்ளுங்கள். அரைமண்டியிலிருந்து வலது காலை வலப்பக்கம் நீட்டிக் குதிகாலை ஊன்றுகிறோம். "காலை நீட்டு" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம், ஆனால் உள்ளே மூன்று மூட்டுகள் வேலை செய்கின்றன. தொடைமூட்டில் கால் நடுக்கோட்டை விட்டு விலகுகிறது, அது அப்டக்‌ஷன். மடங்கியிருந்த முட்டி நிமிர்கிறது, அது எக்ஸ்டென்ஷன். பாதத்தின் முன்பக்கம் மேல்நோக்கி வருகிறது, அதற்கு டார்ஸிஃப்ளெக்‌ஷன் என்று பெயர். ஆகவே சீட்டில் எந்தச் சொல்லைப் பார்த்தாலும் "எந்த மூட்டில்?" என்று முதலில் கேளுங்கள். மூட்டைச் சொல்லாத ஃப்ளெக்‌ஷன் அரைகுறைச் செய்தி. உங்கள் சீட்டில் "டீப் ஃப்ளெக்‌ஷன் வேண்டாம்" என்பது முட்டியைப் பற்றியது. முழுமண்டி வேண்டாம் என்று பொருள். இடுப்பை மடக்கிக் குனிவதற்குத் தடை இல்லை.

குதித்து மெட்டடவில் முன்பாதத்தில் எழும்புகிறோமே, அது பிளாண்டர்ஃப்ளெக்‌ஷன். அதைச் செய்வது ஆடுசதை. அதில் இரண்டு தசைகள் உண்டு. மேலே உருண்டையாகத் தெரியும் கேஸ்ட்ராக்னீமியஸ் முட்டிக்கு மேலே தொடையெலும்பிலிருந்து தொடங்குகிறது. அதற்கு அடியில் தட்டையாக இருக்கும் சோலியஸ் முட்டிக்குக் கீழேதான் தொடங்குகிறது. இரண்டும் கீழே சேர்ந்து குதிகால் எலும்பில் போய் ஒட்டுகின்றன. முட்டி மடங்கியிருந்தால் மேல் தசை தளர்ந்துவிடும், பாரம் பெரும்பாலும் சோலியஸ் மேல் விழும். அரைமண்டியிலிருந்தபடியே மெட்டும் பிள்ளைகளுக்கு ஆடுசதையின் கீழ்ப்பகுதியில் ஆழமாகக் கடுப்பது இதனால்தான். நின்ற நிலையில் முட்டியை நேராக வைத்துச் சுவரைத் தள்ளும் பயிற்சி மட்டும் கொடுத்தால் சோலியஸ் சரியாக நீளாது. முட்டியைக் கொஞ்சம் மடக்கியும் அதே பயிற்சியைச் செய்யச் சொல்லுங்கள்.

இப்போது தசைக்கு வருவோம். தசைக்கு இழுக்க மட்டுமே தெரியும், தள்ளத் தெரியாது. தசைநாருக்குள் ஆக்டின், மயோசின் என்று இரண்டு வகைப் புரத இழைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. நரம்பிலிருந்து சமிக்ஞை வந்ததும் ஒன்றை ஒன்று பற்றி இழுத்துச் சறுக்குகின்றன, தசை குறுகுகிறது. 1954ல் இரண்டு ஆராய்ச்சிக் குழுக்கள் தனித்தனியாக இதே முடிவுக்கு வந்தன. இழுக்க மட்டுமே தெரிந்ததால், முட்டியை நிமிர்த்த முன்பக்கம் ஒரு கூட்டம் வேண்டும், மடக்கப் பின்பக்கம் இன்னொரு கூட்டம் வேண்டும். முன்பக்கம் இருப்பது குவாட்ரிசெப்ஸ், பின்பக்கம் ஹாம்ஸ்ட்ரிங். ஒன்று இழுக்கும்போது மற்றது விட்டுக்கொடுக்க வேண்டும். பின்பக்கம் இறுகிக் கிடந்தால், நாட்டடவில் காலை நீட்டும்போது முன்பக்கத் தசை வீணாகக் கூடுதல் வேலை செய்யும். சீட்டில் "குவாட்ரிசெப்ஸ் வீக்", "ஹாம்ஸ்ட்ரிங் டைட்" என்று அடுத்தடுத்து இருப்பதை இப்படிச் சேர்த்துப் படியுங்கள்.

பிள்ளைகளைத் தொட்டுப் பார்க்க வையுங்கள், மனதில் நிற்கும். நாற்காலியில் உட்கார்ந்து, குதிகாலை நாற்காலிக் காலில் வைத்துப் பின்னால் அழுத்தச் சொல்லுங்கள். முட்டிக்குப் பின்னால் இரண்டு ஓரத்திலும் கெட்டியாக நாண்கள் புடைக்கும். வெளிப்பக்கம் இருப்பது பைசெப்ஸ் ஃபீமோரிஸ், உள்பக்கம் நன்றாகத் தெரிவது செமிடெண்டினோசஸ். நம் ஊரில் இவற்றை நரம்பு என்று சொல்லிவிடுவோம். இவை தசைநாண்கள், தசையை எலும்போடு கட்டுபவை. எலும்பை எலும்போடு கட்டுவது லிகமென்ட். "ஜவ்வு" என்று அந்த அம்மா யாரிடமாவது கேள்விப்பட்டால், லிகமென்டா, முட்டிக்குள் இருக்கும் மெனிஸ்கஸ் என்ற குருத்தெலும்பா என்று கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டையும் ஒரே சொல்லால் சொல்கிறோம், வைத்தியம் வேறு வேறு.

குவாட்ரிசெப்ஸில் நான்கு தசைகள். ரெக்டஸ் ஃபீமோரிஸ் மட்டும் இடுப்பெலும்பிலிருந்து வருகிறது, மற்ற மூன்றும் தொடையெலும்பிலிருந்து. நான்கும் ஒன்றாகி, முட்டிச் சில்லைப் பிடித்துக்கொண்டு, கீழே இறங்கிக் கால் எலும்பின் முன்மேட்டில் ஒட்டுகின்றன. கிணற்று ராட்டினம் கயிற்றின் இழுப்பைத் திருப்பிவிடுவதுபோல, சில்லு இந்த இழுப்பைத் திருப்பிவிடுகிறது. சில்லு இல்லாவிட்டால் முட்டியை நிமிர்த்த இன்னும் நிறைய பலம் வேண்டியிருக்கும். முட்டி மடங்க மடங்கச் சில்லு தொடையெலும்பின் மேல் அழுத்தப்படுவதும் கூடும். முழுமண்டியில் அந்த அழுத்தம் மிக அதிகம். அதனால்தான் நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள்.

சில்லுக்குக் கீழே வலி என்றீர்களே, அந்த முன்மேட்டை விரலால் அழுத்தினால் வலிக்கிறதா என்று பிசியோவிடம் கேட்கச் சொல்லுங்கள். வளரும் வயதில் அந்த இடம் இன்னும் முழு எலும்பாகியிருக்காது. குதிப்பும் ஓட்டமும் உள்ள பிள்ளைகளுக்குத் தசைநாண் அதைத் திரும்பத் திரும்ப இழுத்து வலி எடுக்கும், சில சமயம் மேடு தடித்தும் போகும். ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்று சொல்வார்கள். பெரும்பாலும் வளர்ச்சி முடிந்ததும் சரியாகிவிடும், ஆனால் வலியோடு மேலே மேலே ஆடக் கூடாது. இந்தப் பெண்ணுக்கு அதுதான் என்று நேரில் பார்க்காமல் சொல்ல மாட்டேன்.

இனி உங்கள் முக்கியமான கேள்வி: வலி முட்டியில் இருக்க, சீட்டு ஏன் இடுப்பில் தொடங்குகிறது?

அரைமண்டியில் பாதம் வெளிப்பக்கம் திரும்புகிறதல்லவா, அந்தத் திருப்பம் எங்கிருந்து வர வேண்டும்? தொடைமூட்டிலிருந்து. அது பந்துக் கிண்ண மூட்டு, எல்லாப் பக்கமும் சுழலும். புட்டத்துப் பெரிய தசைக்கு அடியில் ஆறு சிறு தசைகள் தொடையை வெளிப்பக்கம் திருப்பவே இருக்கின்றன. அவற்றில் பிரிஃபார்மிஸ் என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். இன்னொரு தசை, சார்ட்டோரியஸ். இடுப்பெலும்பின் முன்முனையில் தொடங்கித் தொடையின் குறுக்காக இறங்கி முட்டியின் உள்பக்கம் கீழே ஒட்டுகிறது. உடம்பிலேயே நீளமான தசை அதுதான். தொடையை மடக்கும், விலக்கும், வெளியே திருப்பும், முட்டியையும் மடக்கும். நான்கையும் சேர்த்துப் பாருங்கள், அப்படியே அரைமண்டி! லத்தீனில் சார்ட்டோர் என்றால் தையல்காரர். சம்மணமிட்டுத் தைத்தவர்களின் கால் நிலையிலிருந்து வந்த பெயர். அதைப் படித்த நாளிலிருந்து எனக்கு அந்தத் தசைமேல் தனிப் பிரியம்.

முட்டி அப்படிப்பட்ட மூட்டு இல்லை. அது பெரும்பாலும் மடங்கவும் நிமிரவும் செய்யும் கீல் மூட்டு. நேராக இருக்கும்போது சுழற்சி அநேகமாக இல்லை, மடங்கியிருக்கும்போது கொஞ்சம் உண்டு. தொடைமூட்டு 40 டிகிரி மட்டுமே வெளியே திரும்பும் பிள்ளை, பக்கத்தில் நிற்பவளைப் பார்த்துப் பாதத்தை 80 டிகிரிக்கு வைக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். மீதி 40 எங்கிருந்து வரும்? கொஞ்சம் முட்டியை முறுக்கி வரும், கொஞ்சம் பாதத்தின் உள்வளைவைத் தரையில் சரித்து வரும். தொடை பின்தங்கி நிற்க, கால் எலும்பு வெளியே திரும்பிவிடும். முட்டியின் உள்பக்க லிகமென்ட், உள்பக்க மெனிஸ்கஸோடு ஒட்டியிருக்கிறது. அந்த முறுக்கு முழுவதும் அங்கேதான் இறங்கும். அந்தப் பெண் உள்பக்கம் வலி என்கிறாளே, எனக்கு முதலில் சந்தேகம் வருவது இதன்மேல்தான்.

அரைமண்டியில் நிற்க வைத்து முன்னால் தரையில் உட்கார்ந்து பாருங்கள். முட்டிச் சில்லு பாதத்தின் இரண்டாவது விரலுக்கு நேராக இருக்க வேண்டும். பெருவிரலையும் தாண்டி உள்ளே விழுந்தால் பாதத்தை அதிகம் திருப்பியிருக்கிறாள். பாதத்தைக் குறைத்து வைக்கச் சொல்லுங்கள், சில்லும் விரலும் நேராகும் இடம்தான் அவளுடைய அரைமண்டி. பார்க்கக் கொஞ்சம் குறுகலாக இருக்கும். இருக்கட்டும் டீச்சர்.

தொடைமூட்டு எவ்வளவு திரும்பும் என்று பார்க்க எளிய வழி உண்டு. குப்புறப் படுக்க வைத்து ஒரு முட்டியை 90 டிகிரி மடக்குங்கள், பாதம் கூரையைப் பார்க்கட்டும். இடுப்பு தூக்காமல் பாதத்தை மெல்ல மற்ற காலின் பக்கம் சாய்த்தால் அதுதான் தொடைமூட்டின் எக்ஸ்டர்னல் ரொட்டேஷன். பாதம் உள்ளே போகிறதே என்று குழம்ப வேண்டாம், தொடையெலும்பு வெளியே திரும்புகிறது. 45 டிகிரிக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. வெளிப்பக்கம் சாய்த்தால் இன்டர்னல். சில பிள்ளைகளுக்கு இன்டர்னல் தாராளமாக இருக்கும், எக்ஸ்டர்னல் கொஞ்சமாக இருக்கும். பெரும்பாலும் அது எலும்பின் அமைப்பு. தொடையெலும்பின் கழுத்து பிறக்கும்போது முன்பக்கம் 30 முதல் 40 டிகிரி திரும்பியிருக்கும். வளர வளரக் குறைந்து பெரியவர்களுக்குச் சுமார் 15 டிகிரிக்கு வரும். சிலருக்கு அவ்வளவு குறைவதில்லை. நீட்டிப் பழக்கினால் தசை இளகும், எலும்பு இளகாது.

இதைச் சொல்லும்போது ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். பட்டாம்பூச்சிபோல் கால்களைச் சேர்த்து உட்கார வைத்துத் தொடைமேல் ஏறி நிற்பது, அல்லது முட்டியைத் தரையோடு அழுத்துவது, இன்றும் சில வகுப்புகளில் நடக்கிறது. தயவுசெய்து வேண்டாம். அடக்டர் இறுக்கமாக இருந்தால் மெதுவாக, பிள்ளை தானே மூச்சு விட்டு இறக்கும் அளவுக்கு மட்டும் போதும். எலும்பு தடுத்தால் அந்தப் பாரம் மூட்டின் ஓரக் குருத்தெலும்பைத்தான் நசுக்கும். கவட்டைப் பகுதியில் கிள்ளுவதுபோல் வலித்தால் உடனே நிறுத்துங்கள்.

கடைசியாக க்ளூட்டியஸ் மீடியஸ். இடுப்பெலும்பின் விளிம்புக்குச் சற்றுக் கீழே பக்கவாட்டில் கையை வைத்து, எதிர்க்காலைத் தூக்கிப் பாருங்கள். கைக்கு அடியில் கல்லாகும். தட்டடவில் வலது பாதத்தைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் இடப்பக்க மீடியஸ்தான் இடுப்பைச் சமமாகப் பிடித்திருக்கிறது. அது சோர்ந்தால் தூக்கிய பக்கம் இடுப்பு இறங்கும், நிற்கும் காலின் தொடை உள்ளே சரியும், முட்டியும் கூடவே உள்ளே போகும். முதல் காலத்தில் தெரியாது. மூன்றாம் காலத்தில் தசை சோரும்போதுதான் தெரியும். வலி மூன்றாம் காலத்தில் வருகிறது என்றீர்களே, அவள் பிசியோ மீடியஸைச் சீட்டில் சேர்த்தது அதைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும்.

---

சலங்கைக்கொத்து, கும்பகோணம்

மேடம், உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. இன்று காலை அவளைக் குப்புறப் படுக்க வைத்துப் பார்த்தேன், நீங்கள் சொன்னபடி இன்டர்னல் மிக அதிகம். பாதத்தைக் குறைத்து வைத்ததும் "டீச்சர், இப்ப இழுக்கல" என்றாள்.

இரண்டு சந்தேகம். மண்டியில் இறங்கும்போதுதான் அதிகம் வலிக்கிறது என்கிறாள், எழும்போது அவ்வளவு இல்லையாம். எழுவதுதானே கஷ்டம்? அப்புறம் ஐசோமெட்ரிக் என்பதை நீங்கள் சொல்லவில்லை.

---

பிசியோ, மதுரை

இரண்டுக்கும் ஒரே பதில்தான் டீச்சர்.

தசை மூன்று விதமாக வேலை செய்யும். முழுமண்டியிலிருந்து எழும்போது குவாட்ரிசெப்ஸ் குறுகிக்கொண்டே இழுக்கிறது, அதற்குக் கான்சென்ட்ரிக் என்று பெயர். இறங்கும்போது முட்டி மடங்குகிறது, ஆனால் மடக்குவது ஹாம்ஸ்ட்ரிங் இல்லை. உடல் எடையே மடக்குகிறது. தொப்பென்று விழாமல் குவாட்ரிசெப்ஸ் நீண்டுகொண்டே பிடித்துப் பிடித்து விடுகிறது. இது எக்சென்ட்ரிக். தசைநாணுக்கு அதிக இழுப்பு விழுவது இதில்தான். பழகாத பிள்ளைக்கு அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் தொடை வலிப்பதும் பெரும்பாலும் இந்த இறங்கும் வேலையால்தான். மாடிப்படி ஏறும்போது சும்மா இருந்த முட்டி இறங்கும்போது வலிக்கிறது என்று பெரியவர்கள் சொல்வதும் இதனால்தான்.

மூன்றாவது ஐசோமெட்ரிக். தசை இழுக்கும், நீளம் மாறாது, மூட்டு அசையாது. நீங்கள் தட்டுக்கழி போட்டுக்கொண்டே பிள்ளைகளை அரைமண்டியில் அசையாமல் நிறுத்துவீர்களே, தொடை எரியும், ஒன்றுமே நகராது. அதுதான். முட்டியை அசைக்காமல் தசைக்கு வேலை கொடுக்கலாம் என்பதால்தான் வலி உள்ள காலத்தில் முதலில் இதைக் கொடுக்கிறோம். அவளை முழு ஆழத்தில் நிறுத்த வேண்டாம். சுவரில் முதுகைச் சாய்த்துக் கால்களை முன்னால் வைத்து, வலி வராத ஆழம் வரை மட்டும் இறங்கி நிற்கட்டும். சில்லு இரண்டாம் விரலுக்கு நேராக இருக்கிறதா என்று நீங்கள் பாருங்கள். எத்தனை வினாடி, எத்தனை முறை என்பதை அவள் பிசியோ சொல்லட்டும், அவர்தான் காலைத் தொட்டுப் பார்த்தவர்.

வகுப்பை விட்டு அவளை நிறுத்திவிடாதீர்கள். முத்திரை, அட்டமி என்ற கழுத்தசைவு, திருஷ்டி பேதம் என்ற கண்ணசைவு, நாட்டியாரம்பத்தில் கைகளைப் பக்கவாட்டில் பிடித்து நிற்பது, எல்லாம் செய்யலாம். நாட்டியாரம்பத்தைச் சும்மா நினைக்க வேண்டாம்: தோள் ஏறக்குறைய 90 டிகிரி அப்டக்‌ஷனில், டெல்டாய்ட் என்ற தோள்தசை ஐசோமெட்ரிக்காக. முழங்கை தொங்கத் தொடங்கினால் டெல்டாய்ட் சோர்ந்துவிட்டது என்று பொருள், அங்கே இறக்கி ஓய்வு கொடுங்கள்.

---

மானிப்பாய்க்காரி

டீச்சர், நான் யாழ்ப்பாணம். இதை வாசிக்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எங்கள் ஊரில் 1847இல் இலங்கைக்கு வந்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மிஷன் வைத்தியர், மானிப்பாயில் மேலை வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். மாணவர்களுக்காக உடற்கூற்றியலைத் தமிழில் எழுதிக் கொடுத்தவர். அவர் பெயரில் இன்றைக்கும் அங்கே ஆஸ்பத்திரி இருக்கிறது. அந்த ஊர்க்காரிக்கு, தசையையும் மூட்டையும் தமிழில் இப்படிக் கதைப்பதைப் பார்க்கப் பெருமைதான்.

பிசியோ அக்காவிடம் ஒரு கேள்வி. என் மகளும் நடனம் பழகுகிறாள். அவள் பழகுகிற மண்டபத்தில் சீமெந்துத் தரை. அதுவும் முழங்காலைப் பாதிக்குமா? கையைத் திருப்பும்போது முழங்கைக்குப் பக்கத்தில் நோகிறது என்றும் சொல்கிறாள், அது என்ன தசை?

---

பிசியோ, மதுரை

தங்கை, தரை பாதிக்கும். மண்ணில் நேராகப் போட்ட சிமென்ட், கிரானைட் எதுவும் அதிர்ச்சியை வாங்காது. தட்டியதெல்லாம் காலுக்கே திரும்பும். அடியில் கொஞ்சம் இடைவெளி விட்டுப் போட்ட மரத்தளம் நல்லது. எல்லா இடத்திலும் முடியாது என்று தெரியும். அப்படியானால் குதிப்பு அடவுகளின் எண்ணிக்கையைக் குறைப்பது, குதித்து இறங்கும்போது முட்டி மடங்கியே இருக்கிறதா என்று பார்ப்பது, இரண்டும் உதவும். மடங்கிய முட்டியில் குவாட்ரிசெப்ஸ் அதிர்ச்சியை வாங்கும், நிமிர்ந்த முட்டியில் எலும்பும் குருத்தெலும்பும் வாங்கும். மெத்தென்ற தடித்த ஃபோம் பாய் வேண்டாம், கணுக்கால் ஆடும்.

கை விஷயம். முழங்கையை 90 டிகிரி மடக்கி உள்ளங்கையை மேலே திருப்பினால் ஸூபினேஷன், கீழே திருப்பினால் ப்ரொனேஷன். முன்கையில் இரண்டு எலும்புகள் உண்டு. திருப்பும்போது சுண்டுவிரல் பக்கத்து அல்னா ஏறக்குறைய அசையாமல் இருக்க, கட்டைவிரல் பக்கத்து ரேடியஸ் அதன்மேல் குறுக்காகப் புரளும். மடக்கிய முழங்கையில் உள்ளங்கையை மேலே திருப்புவதற்குப் பலம் கொடுப்பது பைசெப்ஸ். கை மடக்குவது மட்டும்தான் அதன் வேலை என்று பலரும் நினைக்கிறார்கள். மகள் இடது கையால் வலது மேல்கையைப் பிடித்துக்கொண்டு வலது உள்ளங்கையைப் பலமாக மேலே திருப்பட்டும், புடைப்பது அவளுக்கே தெரியும். மணிக்கட்டையும் விரல்களையும் பின்னால் வளைக்கும் தசைகள் முழங்கையின் வெளிப்பக்க மேட்டில் தொடங்குகின்றன, பதாக முத்திரையில் விரல்களை விறைப்பாக நீட்டும்போது அவைதான் இழுக்கின்றன. நோவு அந்த மேட்டில் என்றால் அவைதான் சோர்ந்திருக்கும். விரல்களை நீட்டுவது வேறு, விறைப்பது வேறு என்று அவளுக்குச் சொல்லுங்கள். சில வாரத்தில் குறையாவிட்டால் நேரில் காட்டுங்கள்.

கும்பகோணம் டீச்சர், உங்கள் மாணவிக்கு மூன்றாம் காலத்தை எப்போது திரும்பக் கொடுக்கலாம் என்று அடுத்து நீங்கள் கேட்பீர்கள் என்று நினைக்கிறேன். நாள் கணக்கு வைக்காதீர்கள். சின்னப் படி ஒன்றில் நிறுத்தி, ஒற்றைக் காலில் மெதுவாக மற்ற குதிகாலைத் தரைக்கு இறக்கச் சொல்லுங்கள். இடுப்பு சமமாக இருக்க வேண்டும், சில்லு இரண்டாம் விரலை விட்டு உள்ளே போகக் கூடாது, வலி இருக்கக் கூடாது. இரண்டு காலிலும் இது வந்த பிறகு இரண்டாம் காலம். அடுத்த நாள் காலையில் வலி இல்லையென்றால் மூன்றாம் காலம், அதுவும் முதலில் தட்டடவில் மட்டும். மண்டி அடவு எல்லாவற்றுக்கும் கடைசியில், அவள் பிசியோ சரி என்று சொன்ன பிறகு.